மஞ்சள் வயரில் எச்.டி. வராது: டிஷ் பெட்டிக்கும் டிவிக்கும் நடுவே நடப்பது என்ன?

43 அங்குல டிவி வாங்கியாயிற்று. எச்.டி. பேக்கேஜுக்கு மாதாமாதம் பணமும் கட்டியாகிறது. ஆனால் டிவியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர்கள் தொங்குகின்றன. பழைய டிவியில் செருகியிருந்ததை அப்படியே பிடுங்கிப் புதியதில் செருகிவிட்டுப் போயிருக்கிறார் பொருத்த வந்தவர். படம் வருகிறது, சத்தம் கேட்கிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தத் திரையில் ஓடுவது எச்.டி. அல்ல.

சில வீடுகளில் சிக்கல் வேறு விதம். புதிய டிவியில் மஞ்சள் துளையே இல்லை. பழைய டிஷ் பெட்டியில் எச்.டி.எம்.ஐ. துளை இல்லை. கடையில் கேட்டால் ‘கன்வெர்ட்டர்’ என்று ஒரு சிறு பெட்டியைக் கொடுக்கிறார்கள். அதை மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. மெனுவுக்குள் போனால் ‘பால்’, ‘என்.டி.எஸ்.சி.’, ‘1080ஐ’, ‘576பி’ என்று ஒரு பட்டியல். இதற்கிடையில் செட்டாப் பாக்ஸே தேவைப்படாத டிவிகள் வரப்போகின்றன என்ற செய்தியும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. எது எதோடு சேரும், எது சேராது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

மூன்று கட்டப் பயணம்

செயற்கைக்கோள் ஒளிபரப்பு நம் திரைக்கு வந்து சேரும் வழியை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

1. வானிலிருந்து டிஷ்ஷுக்கு. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து அலை வருகிறது. வீட்டு டிஷ்களுக்கு வருவது ‘கேயு’ அலைப்பட்டையில், ஏறத்தாழ 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸுக்குள். மழை கொட்டும்போது படம் போவது இந்தக் கட்டத்தில்தான். இந்த அலைகளை மழைத்துளி விழுங்கிவிடும்.

2. டிஷ்ஷிலிருந்து பெட்டிக்கு. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற கருவி, அந்த உயர் அலையை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அளவுக்கு இறக்கி, தடித்த கோஆக்ஸியல் கேபிள் வழியாகக் கீழே அனுப்புகிறது. அதே கேபிளில் பெட்டியிலிருந்து மேலே மின்சாரமும் போகிறது. 13 வோல்ட் போனால் எல்.என்.பி. செங்குத்தாக அதிரும் அலைகளைப் பிடிக்கும், 18 வோல்ட் போனால் கிடைமட்டமாக அதிரும் அலைகளை.

3. பெட்டியிலிருந்து டிவிக்கு. பெட்டி அந்த எண்வடிவச் சமிக்ஞையைப் பிரித்து, படமாகவும் ஒலியாகவும் மாற்றி, டிவிக்குப் புரியும் வடிவில் வெளியே தருகிறது.

நம் மெனுவில் வரும் ‘பால்’, ‘என்.டி.எஸ்.சி.’ என்ற பெயர்கள் முதல் இரண்டு கட்டங்களில் எங்கும் இல்லை. வானிலிருந்து வருவது எண்களின் ஓட்டம். அதற்கு இந்தியப் படம், அமெரிக்கப் படம் என்ற நிறமுறை எதுவும் கிடையாது. நிறமுறையைத் தேர்ந்தெடுப்பது மூன்றாவது கட்டத்தில் பெட்டி செய்யும் வேலை. அதுவும் மஞ்சள் வயர் போன்ற பழைய அனலாக் வழிகளுக்கு மட்டும். ஆகவே படத்தில் நிறம் போய்விட்டது என்று மொட்டை மாடிக்கு ஏறி டிஷ்ஷைத் திருப்புவதில் பயன் இல்லை.

இரண்டு நிறமுறைகள், ஒரு பழைய மின்சாரக் கதை

தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில் படத்தின் வேகத்தை அந்தந்த நாட்டு மின்சாரத்தின் துடிப்போடு இணைத்தார்கள். இல்லாவிட்டால் திரையில் கரும்பட்டைகள் மேலும் கீழுமாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இன்று நம் டிவி மெனுவில் இருக்கும் 50, 60 என்ற இரண்டு எண்களும் அங்கிருந்து வந்தவை. ஜப்பானின் நிலைமை வேடிக்கையானது: நாட்டின் ஒரு பாதியில் 50, மறுபாதியில் 60, தொலைக்காட்சிக்கோ அமெரிக்க முறை.

முழுப் படத்தையும் விநாடிக்கு 50 முறை அனுப்ப அன்றைய அலைவரிசைகளில் இடம் போதவில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். முதல் 1/50 விநாடியில் 1, 3, 5 என்ற ஒற்றைப்படை வரிகள். அடுத்த 1/50 விநாடியில் 2, 4, 6 என்ற இரட்டைப்படை வரிகள். இரண்டும் கண்ணில் சேர்ந்து ஒரு படமாகிவிடும். இதுதான் இன்டர்லேஸ். 576ஐ, 1080ஐ என்று எண்ணுக்குப் பின்னால் வரும் ‘ஐ’ அதைத்தான் குறிக்கிறது. ‘பி’ என்றால் புரோகிரெஸிவ்: எல்லா வரிகளும் ஒரே மூச்சில்.

நிறம் பிறகு வந்தது. 1953இல் அமெரிக்கா என்.டி.எஸ்.சி. நிறமுறையை ஏற்றது. கறுப்பு வெள்ளை டிவிகளும் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதால், நிறத்தை ஒரு துணை அலையில் ஏற்றி, பழைய சமிக்ஞைக்குள்ளேயே ஒளித்து வைத்தார்கள். அந்தத் துணை அலை ஏறி இறங்கும் நேரம் வழியில் சற்றே நகர்ந்தாலும் நிறம் மாறிவிடும். முகங்கள் பச்சையாகத் தெரியும். அமெரிக்க டிவிகளில் நிறச்சாயலைத் திருத்த ஒரு குமிழ் தனியாக இருந்தது இதற்காகத்தான். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டார். ஒன்றுவிட்டு ஒரு வரியில் துணை அலையின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி அனுப்பினால், ஒரு வரியில் நேரும் பிழையை அடுத்த வரியில் நேரும் பிழை அடித்துவிடும். அதுவே பால் முறை. 1967இல் பிரிட்டனிலும் மேற்கு ஜெர்மனியிலும் அதில் ஒளிபரப்பு தொடங்கியது. பிரான்ஸ் அதே ஆண்டில் செக்காம் என்று தனிவழி போனது.

டெல்லியில் 1959இல் கறுப்பு வெள்ளையில் தொடங்கிய இந்தியத் தொலைக்காட்சி, 1982இல் நிறத்துக்கு மாறியபோது பால் முறையை எடுத்துக்கொண்டது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் அதே குடும்பம். ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்த டிவிகள் நம் ஊரில் உடனே வேலை செய்ததும், அமெரிக்காவிலிருந்து வந்தவை மூலையில் கிடந்ததும் இதனால்தான். அமெரிக்க டிவிக்கு 110 வோல்ட் மின்சாரம் வேண்டும் என்பது கூடுதல் தொல்லை.

இரண்டு முறைகளையும் பிரிப்பவை மூன்று விஷயங்கள்:

1. வரிகள்: பால் 625, அதில் படம் இருப்பது 576. என்.டி.எஸ்.சி. 525, அதில் படம் 480.
2. வேகம்: பால் விநாடிக்கு 25 படம், அதாவது 50 அரைப்படம். என்.டி.எஸ்.சி. 29.97 படம்.
3. நிறத்தைச் சுமக்கும் துணை அலை: பால் 4.43 மெகாஹெர்ட்ஸ், என்.டி.எஸ்.சி. 3.58 மெகாஹெர்ட்ஸ்.

இந்த எண்களைக் கொஞ்சம் பெருக்கிப் பார்த்தால் ஒரு பழைய மர்மம் விளங்கும். பாலில் ஒரு விநாடிக்கு 625 × 25 = 15,625 வரிகள். என்.டி.எஸ்.சி.யில் 525 × 29.97, சுமார் 15,734 வரிகள். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆகவே பழைய பால் டிவிக்கு என்.டி.எஸ்.சி. சமிக்ஞை கொடுத்தால் அது வரிகளைப் பிடித்துக்கொள்ளும், படம் தெரியும். ஆனால் 4.43இல் நிறத்தைத் தேடும் டிவிக்கு 3.58இல் இருக்கும் நிறம் கண்ணில் படாது. விளைவு, கறுப்பு வெள்ளைப் படம். 60 என்ற வேகத்துக்கும் பழகாத டிவியாக இருந்தால் படம் மேலே உருண்டுகொண்டே போகும்.

இன்றைய டிவிகள் பெரும்பாலும் இரண்டையும் அறிந்தவை. ஆனாலும் நிறம் போவது நிற்கவில்லை, ஏனென்றால் டிவியின் மெனுவில் ‘ஆட்டோ’ என்பதற்குப் பதில் யாரோ ஒன்றைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். சில மலிவான இலவச சேனல் பெட்டிகளின் ரிமோட்டில் ‘பி/என்’ என்று ஒரு பட்டன் உண்டு. குழந்தை கையில் ரிமோட் போய்வந்த பிறகு படம் கறுப்பு வெள்ளையானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பட்டனை. இன்னொரு முறை அழுத்தினால் நிறம் திரும்பிவிடும்.

வானிலிருந்து வருவதிலும் தலைமுறைகள் உண்டு

செயற்கைக்கோள் பக்கம் இரண்டு அடுக்குகள். எண்களை அலையில் ஏற்றும் முறை ஒன்று: 1990களில் வந்த டிவிபி-எஸ், 2005 வாக்கில் வந்த டிவிபி-எஸ்2. பின்னது அதே அலைப்பட்டையில் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாக ஏற்றும். படத்தைச் சுருக்கும் முறை மற்றொன்று: எம்பெக்-2, அதற்குப் பின் எம்பெக்-4, அதற்கும் பின் எச்.இ.வி.சி.

புதிய பெட்டி பழையதைப் பிரித்துவிடும். பழைய பெட்டியால் புதியதைப் பிரிக்க முடியாது. பிரிக்கும் வேலை சிப்புக்குள் நடப்பதால் மென்பொருளைப் புதுப்பித்தும் பயனில்லை. எம்பெக்-2இல் தொடங்கிய தனியார் டிடிஎச் நிறுவனங்கள் எம்பெக்-4க்கு மாறியபோது வாடிக்கையாளர்களின் பெட்டிகளையும் மாற்ற வேண்டியிருந்தது இதனால்தான். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று டிடி ஃபிரீ டிஷ் ஆகியிருக்கும் தூர்தர்ஷன் சேவையிலும் இந்தப் பிளவு இருக்கிறது. எம்பெக்-2 மட்டும் அறிந்த பெட்டியில் சில சேனல்கள் பட்டியலுக்கே வராது. வந்தாலும் சத்தம் மட்டும் கேட்கும், அல்லது இருண்ட திரை. டிவியையும் வயரையும் குறை சொல்லிப் பயனில்லை.

வயருக்கு வயர் என்ன வித்தியாசம்

இனி மூன்றாவது கட்டம். தரத்தில் கீழிருந்து மேலாகப் போகலாம்.

ஆன்டெனா துளை வழி. பெட்டியே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாகி, படத்தையும் சத்தத்தையும் ஓர் அலைவரிசையில் ஏற்றி டிவியின் ஆன்டெனா துளைக்கு அனுப்பும். டிவியில் அந்த எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த வழியில் மட்டும் ஒரு கூடுதல் பொறி உண்டு. படத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி நாட்டுக்கு நாடு வேறு: நமக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ், பிரிட்டனில் 6.0, சீனாவில் 6.5. அமைப்பு தவறாக இருந்தால் படம் பளிச்சென்று இருக்கும், சத்தம் மட்டும் ‘உஸ்’ என்று இரையும். இந்த வழி இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது.

மஞ்சள் வயர். இதன் பெயர் காம்போசிட். வெளிச்சம், நிறம், வரிகளை ஒழுங்குபடுத்தும் துடிப்பு அனைத்தும் ஒரே கம்பியில். வெள்ளையும் சிவப்பும் இடது, வலது ஒலிக்கு. நிறத்தின் துணை அலை வெளிச்சத்தின் எல்லைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் டிவி இரண்டையும் பிரிக்கும்போது கொஞ்சம் தடுமாறும். செய்தி வாசிப்பவர் பொடிக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தால் அதில் வானவில் நெளியும். சிவப்பு எழுத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் ஊரும். இவை இரண்டையும் பார்த்தால் மஞ்சள் வயர் ஓடுகிறது என்று டிவியின் பின்னால் போகாமலே சொல்லிவிடலாம்.

தெளிவு எவ்வளவு குறைகிறது? மஞ்சள் வயரின் உச்சவரம்பு 576 வரி. எண்வடிவத்தில் சொன்னால் 720 × 576, அதாவது 4,14,720 படப்புள்ளிகள். எச்.டி. 1920 × 1080, அதாவது 20,73,600. வகுத்துப் பார்த்தால் மீதியில்லாமல் ஐந்து மடங்கு. எச்.டி. சேனல் வானிலிருந்து முழுதாக வந்து, பெட்டிக்குள் முழுதாகப் பிரிக்கப்பட்டு, வெளியே போகும் வாசலில் ஐந்தில் நான்கு பங்கை இழக்கிறது. டிவி அதை மறுபடி பெரிதாக்கிக் காட்டும்; இழந்த விவரம் திரும்பாது. பணம் கட்டியது ஐந்து பங்குக்கு.

எஸ்-வீடியோ. நிறத்தையும் வெளிச்சத்தையும் இரண்டு கம்பிகளில் பிரித்தது. நம் வீடுகளில் அதிகம் புழங்கவில்லை, விட்டுவிடலாம்.

ஸ்கார்ட். ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: 21 முனைகள் கொண்ட அகலமான கறுப்புச் செருகி. பிரான்ஸில் உருவானது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுபோகும் வசதி இருந்ததால், செக்காம் நாட்டில் பால் பெட்டி வைத்திருந்தவர்களும் நிறச்சண்டை இல்லாமல் தப்பித்தார்கள்.

காம்பொனென்ட். பச்சை, நீலம், சிவப்பு என்று படத்துக்கே மூன்று வயர். அனலாக்தான், ஆனால் எச்.டி. போகும். பெட்டியில் எச்.டி.எம்.ஐ. பழுதாகி, டிவியிலும் பெட்டியிலும் இந்தத் துளைகள் இருந்தால் இது நல்ல மாற்று. ஒரே எச்சரிக்கை: இங்குள்ள சிவப்பு படத்துக்கு உரியது, ஒலிக்கான சிவப்பு வேறு.

எச்.டி.எம்.ஐ. 2002 டிசம்பரில் முதல் வடிவம் வெளியானது. 19 முனைகள், படமும் ஒலியும் எண்களாகவே போகும். இங்கே பால், என்.டி.எஸ்.சி. நிறமுறை என்ற பேச்சுக்கே இடமில்லை. டிஷ் கேபிளில் ஒரு எச்.டி. சேனல் விநாடிக்குச் சில மெகாபிட் அளவில் சுருங்கி வருகிறது. பெட்டி அதை விரித்த பிறகு எச்.டி.எம்.ஐ. கம்பியில் ஓடுவது விநாடிக்கு ஒன்றரை கிகாபிட்டுக்கும் மேல். இரண்டு மீட்டர் கேபிளுக்கு இது பெரிய சுமை அல்ல. தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த கேபிளால் நிறம் கூடும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். கேபிள் மோசமானால் நிறம் மங்காது. திரையில் வெள்ளைப் பொறிகள் தெறிக்கும், அல்லது படம் விட்டுவிட்டுப் போகும். அதுவரை சாதாரணக் கேபிளும் விலையுயர்ந்த கேபிளும் ஒரே படத்தைத்தான் தரும்.

ஒற்றைத் துளையும் கன்வெர்ட்டரும்

மெலிந்த டிவிகளில் மூன்று வண்ணத் துளைகளுக்கு இடமில்லை. பதிலுக்கு ஹெட்ஃபோன் துளை போன்ற ஒற்றை 3.5 மி.மீ. துளையில் ‘ஏ.வி.’ என்று எழுதியிருக்கும். அதற்கான செருகியில் நான்கு உலோக வளையங்கள்: இரண்டு ஒலி, ஒரு படம், ஒரு பூமி இணைப்பு. எந்த வளையத்தில் எது என்பதில் நிறுவனங்களுக்குள் ஒற்றுமை இல்லை. கடையில் வாங்கிய வயரைச் செருகியதும் படம் வராமல் ஸ்பீக்கரில் ‘கர்ர்’ என்று இரைச்சல் வந்தால், படத்தின் சமிக்ஞை ஒலியின் வழியில் போகிறது என்று பொருள். பெட்டியின் மஞ்சள் துளையில் மஞ்சளுக்குப் பதில் சிவப்பைச் செருகிப் பாருங்கள், பிறகு வெள்ளையை. பல நேரங்களில் படம் வந்துவிடும். மூன்றிலும் வரவில்லை என்றால் பூமி இணைப்பே இடம் மாறியிருக்கிறது. அந்த டிவிக்கு உரிய வயர்தான் வேண்டும்.

கன்வெர்ட்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. திசை. ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது ஒரு பெட்டி, எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றுவது வேறொரு பெட்டி. உருவத்தில் இரட்டையர்கள். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. பழைய டிஷ் பெட்டி, புதிய டிவி என்றால் முதல் வகை.
2. மின்சாரம். உள்ளே சிப் இருப்பதால் யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் தேவை. ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் மூன்று வண்ணச் செருகி, நடுவில் வெறும் கம்பி என்று மலிவாக விற்கும் கேபிளை வாங்காதீர்கள். எண்களை அலையாக மாற்ற அதில் ஏதும் இல்லை.
3. பக்கவாட்டுச் சிறு சுவிட்ச். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றும் வகையில் பால், என்.டி.எஸ்.சி. என்று நகர்த்தும் சுவிட்ச் இருக்கும். கன்வெர்ட்டர் மாட்டியதும் படம் கறுப்பு வெள்ளையானால் விரல் நுனியால் அதைப் பால் பக்கம் தள்ளினால் போதும். ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் வகையில் 720, 1080 என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை 1080இல் வைத்துவிட்டால் எச்.டி. கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 576 வரிதான் ஊதிப் பெரிதாக்கப்படுகிறது.

செருகும்போது இரண்டு கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்திவிடுவது நல்லது. எர்த் சரியில்லாத வீடுகளில் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுரீர் என்று ஒரு கசிவு தெரியும். அந்தக் கசிவு எச்.டி.எம்.ஐ. முனைகளைச் சுட்டுவிட்டால் செலவு டிவியின் போர்டில்தான் போய் நிற்கும்.

எச்.டி.எம்.ஐ. ஏன் சில நேரம் இருண்டு போகிறது

மஞ்சள் வயர் யாரையும் விசாரிக்காது. எதில் செருகினாலும் படத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும். எச்.டி.எம்.ஐ. அப்படி இல்லை. செருகியதும் பெட்டியும் டிவியும் பேசிக்கொள்கின்றன.

1. டிவி இருக்கிறதா என்று பெட்டி ஒரு முனையின் வழியே உணர்கிறது.
2. டிவி தன் திறன் பட்டியலைக் கொடுக்கிறது: எந்தத் தெளிவு வரை, எந்த வேகம் வரை, எந்த ஒலிமுறை. இதன் பெயர் இ-டிட்.
3. படத்தைத் திருட்டுப் பதிவு செய்யும் கருவி எதுவும் நடுவில் இல்லை என்பதை உறுதிசெய்ய, எச்டிசிபி என்ற பூட்டுமுறையில் இரண்டும் சாவிகளைச் சரிபார்த்துக்கொள்கின்றன.

இதில் எந்தப் படியில் தடுக்கினாலும் திரை இருண்டுவிடும், அல்லது நிறம் தாறுமாறாகும். பழைய கணினி மானிட்டர், பழைய புரொஜெக்டர், ஒரே படத்தை இரண்டு டிவிக்குப் பிரித்துக் கொடுக்கும் மலிவான ஸ்ப்ளிட்டர் ஆகியவற்றில் படம் வராததற்குப் பெரும்பாலும் மூன்றாம் படியே காரணம். பெட்டியையும் டிவியையும் அணைத்து, கேபிளைக் கழற்றி மாட்டி, முதலில் டிவியையும் பிறகு பெட்டியையும் போட்டால் பேச்சு புதிதாகத் தொடங்கும். பெட்டியில் டிவிக்கு மீறிய தெளிவை யாராவது தேர்ந்தெடுத்துவிட்டால் மெனுவே தெரியாது. அப்போது மஞ்சள் வயரை மாட்டி, மெனுவுக்குள் போய், தெளிவைக் குறைத்துவிட்டு எச்.டி.எம்.ஐ.க்குத் திரும்பலாம். பெட்டியில் ஏ.வி. துளை இருந்தால் அந்த வயரைத் தூக்கிப் போடாதீர்கள்.

கீழே ஓடும் எழுத்து ஏன் திக்குகிறது

நிறமுறை ஒழிந்தாலும் 50, 60 என்ற எண்கள் ஒழியவில்லை. இந்தியச் சேனல்கள் இன்றும் 50 கணக்கில்தான் படமெடுத்து அனுப்புகின்றன, எச்.டி. சேனல்களில் வழக்கமானது 1080ஐ, விநாடிக்கு 50 அரைப்படம். ஆண்ட்ராய்டு பெட்டிகள் பல 60இல் அமைந்தே கடையிலிருந்து வருகின்றன. 50ஐ 60 ஆக்க ஐந்துக்கு ஒன்றை இரட்டிப்பாகக் காட்டியாக வேண்டும். நாடகத்தில் இது தெரியாது. செய்தி சேனலின் அடியில் ஓடும் எழுத்து வரியைப் பாருங்கள்: சீராக வழுக்க வேண்டியது திக்கித் திக்கி நகரும். கிரிக்கெட்டில் பந்தின் பின்னால் கேமரா திரும்பும்போதும் அப்படியே. பெட்டியின் மெனுவில் 1080ஐ 50 அல்லது 1080பி 50 என்று மாற்றினால் அந்தத் திக்கல் போய்விடும். படம் தெளிவாக இருந்தும் ஏதோ சரியில்லை என்று மனது அரிக்கும் வீடுகளில் பெரும்பாலும் குற்றவாளி இந்த எண்.

முகங்கள் அகன்று தெரிவது வேறு விஷயம். 4:3 படத்தை 16:9 திரை இழுத்து நிரப்புகிறது. டிவி, பெட்டி இரண்டிலும் இதற்கான அமைப்பு இருப்பதால் இரண்டும் சேர்ந்து இழுத்தால் விகாரம் இரட்டிப்பாகும். டிவியில் அசல் அளவில் வைத்துவிட்டுப் பெட்டியில் மட்டும் மாற்றுவது நல்லது.

‘சிக்னல் இல்லை’ என்று சொல்வது யார்?

பழுது எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிக்க, திரையில் வரும் செய்தியைச் சொல்வது டிவியா பெட்டியா என்று பாருங்கள்.

1. டிவியின் சொந்த எழுத்தில் ‘நோ சிக்னல்’ என்று வந்தால், பெட்டியிலிருந்து ஏதும் வரவில்லை. மூன்றாம் கட்டம்: வயர், துளை, டிவியில் தேர்ந்தெடுத்த உள்ளீடு. மொட்டை மாடிக்கு வேலையில்லை.
2. பெட்டியின் மெனு, சின்னம் எல்லாம் பளிச்சென்று தெரிந்து, ‘சிக்னல் கிடைக்கவில்லை’ என்று பெட்டி சொன்னால், டிவியும் வயரும் நலம். முதல் இரண்டு கட்டங்களில் கோளாறு: டிஷ் திசை, எல்.என்.பி., கேபிள் முனையில் நீர் புகுந்து பிடித்த துரு, அல்லது மழை.
3. சில சேனல்கள் மட்டும் மொத்தமாகக் காணவில்லை என்றால் 13, 18 வோல்ட் மாறும் இடத்தில் சந்தேகம் வரும். ஒரு திசை அலைகள் மட்டும் வருகின்றன.
4. படம் சதுரம் சதுரமாக உடைந்தால் சமிக்ஞை வலுவிழந்திருக்கிறது. மஞ்சள் வயரின் கோளாறு ஒருபோதும் சதுரமாக உடையாது. கோடாகவோ, இரைச்சலாகவோ, நிறமிழப்பாகவோதான் வரும்.

பெட்டியே இல்லாத டிவி வந்தால்?

இந்தியத் தர நிர்ணய அமைவனம், செயற்கைக்கோள் டியூனரை உள்ளேயே கொண்ட டிவிகளுக்கான தரக்குறிப்பை ஐ.எஸ். 18112:2022 என்ற எண்ணில் வெளியிட்டிருக்கிறது. அத்தகைய டிவியில் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளை நேராக மாட்டலாம். மூன்றாம் கட்டம் டிவிக்குள்ளேயே முடிந்துவிடுவதால் மஞ்சள் வயர், கன்வெர்ட்டர், எச்டிசிபி எல்லாத் தொல்லையும் ஒரேயடியாகக் கழியும்.

ஆனால் அதில் தெரிவது பூட்டில்லாத இலவச சேனல்கள். கட்டணச் சேனல்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் பூட்டைப் போட்டு அனுப்புகிறது. சாவி அந்த நிறுவனத்தின் பெட்டிக்குள் இருக்கிறது. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பொதுப் பெட்டி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. பூட்டுகள் ஒன்றாகாதவரை, கட்டணச் சேனல் பார்ப்பவர்களுக்கு டிவிக்குள் டியூனர் இருந்தும் பெட்டி விலகாது.

டிஷ்ஷின் கேபிளை டிவியில் நேராக மாட்டும்போது எல்.என்.பி.க்கான 13, 18 வோல்ட்டையும் டிவியே அனுப்ப வேண்டும். முன்னறையில் டியூனர் டிவி, படுக்கையறையில் பழைய பெட்டி என்று இரண்டையும் ஒரே டிஷ்ஷில் ஓட்ட நினைப்பவர்கள், நடுவில் சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரே எல்.என்.பி.யைப் பங்கிட்டால் ஒரு டிவி 13 கேட்கும்போது இன்னொன்று 18 கேட்டு, யாராவது ஒருவருக்குச் சேனல் போய்விடும். அதற்கு இரண்டு வெளியீடு கொண்ட எல்.என்.பி.யும், ஒவ்வொரு அறைக்கும் தனிக் கேபிளும் வேண்டும்.